நீலவிரலோன் கடைசி அத்தியாயம் தேடிய படலம்

வெள்ளையாடைக்கு மேலும் வெண்மை வழங்கும் வள்ளல், சங்குப்பூ மார்க் சலவை நீலத்தின் தனிப்பெரும் நிறுவனர், குரும்பகரத்து வயல் ஈன்ற கொழுந்து, தலத்தெருவின் தகரக்கொட்டகை வேந்தர், கல்வியில் கடல், கேள்வியில் மலை, நீலப்பெருவிரல் நெடுந்தகை தெட்சிணாமூர்த்தி வாழ்க. அவர் படித்தவை வாழ்க. படித்ததாகச் சொன்னவை அவற்றினும் நீடூழி வாழ்க. இவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கும் தூரம் காரைக்காலுக்கும் பாரீசுக்கும் உள்ள தூரமேயாயினும், அதை எச்சில் விழுங்குமுன் தாண்டிவிடும் அவருடைய திருநாவும் வாழ்க.

காதை தொடங்குமுன் கலைமகளைத் துணைக்கு அழைப்பது மரபு. ஆயினும் நம் நாயகர் படிப்பு விஷயத்தில் அத்தேவிக்கு அதிகம் சிரமம் கொடுத்தவர் அல்லர் ஆதலால், அவளைத் தொந்தரவு செய்யாமல் நாமே நடத்திக்கொள்வோம்.

மூன்று அண்டாவும் ஒரு சல்லடையும் ஆறு பெண்டுகளுமாகத் தொடங்கிய அவருடைய நீலப்பொடிச் சாலை, பதினைந்தே ஆண்டில் நாகூர் முதல் தரங்கம்பாடி வரை உள்ள கொடிக்கயிறுகளையெல்லாம் வென்று தன் குடைக்கீழ்க் கொணர்ந்தது. அவ்வெற்றியின் விழுப்புண்ணாக நாயகரின் வலக்கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் நிரந்தரமாக நீலம் பாரித்தன. எலுமிச்சம்பழம், மண்ணெண்ணெய், செங்கல்தூள் ஆகிய மூன்று மாவீரரும் அந்த நீலத்தோடு பொருது மாண்டனர். கல்யாண வீட்டில் அவர் தொட்ட சந்தனக்கிண்ணம் அடுத்தவர் நெற்றியில் வேறு சமயத்தை எழுதியது. கோயிலில் வாங்கிய விபூதி வழியிலேயே நிறம் மாறியது. இந்த விரலை வாசகர் மறக்கலாகாது. நாயகர் மறந்தார்; அதனால்தான் இந்தக் கதை.

எண்பத்திரண்டாம் ஆண்டு ஆடி மாதத்தில் தலத்தெரு ஞானோதய வாசகசாலை வெள்ளிவிழாக் கொண்டாடியபோது, அதன் புரவலர் என்ற முறையில் நாயகர் விழா மலருக்கு ஒரு கட்டுரை அருளினார். ‘ஒரு தொழிலதிபரின் கல்வியும் கேள்வியும்’ என்பது அதன் தலைப்பு. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து லண்டன் வானொலியின் ஆங்கிலச் செய்தியைச் செவிமடுப்பதாகவும், அது முடிந்த கையோடு ஆங்கில வர்த்தக நாளேட்டை முதல் வரி தொட்டு அச்சிட்டவர் விலாசம் ஈறாகப் பயில்வதாகவும், மாலையில் சுத்த கர்நாடக இசையன்றி வேறு நாதம் தம் செவிக்குள் புகுந்ததில்லை என்றும், தொலைக்காட்சியில் உலக நடப்பு மட்டுமே காண்பதாகவும், படுக்குமுன் பிரெஞ்சுச் சட்டத் தொகுதிகளை ஓதுவதாகவும், பதினேழு தொகுதிகளையும் இதுவரை இருமுறை முற்ற ஓதிவிட்டதாகவும் அதில் உலகுக்கு அறிவித்தார். கட்டுரையின் முடிவில், மலைமேல் நின்று சொல்வது போல் ஒரு பிரகடனம்: “வாரப்பத்திரிகை என் வீட்டு வாசற்படி ஏறாது. தொடர்கதை படிக்கிறவன் தொழிலில் தேறமாட்டான்.”

இனி மெய்யைச் சொல்வோம். லண்டனுக்குப் போக வேண்டிய அவர் வீட்டு வானொலி முள், கூப்பிடு தூரத்துக் கடலுக்கு அப்பாலிருந்து வரும் இலங்கையின் சினிமாப் பாட்டில் சிக்கி, அங்கேயே துருப்பிடித்து நின்றுவிட்டது. நாற்பதடி இரும்புக்குழாயின் உச்சியில் அவர் நாட்டிய ஆன்டெனாவோ, காக்கைக்கு ஆசனமாய் இருந்த நேரம் போக மிச்ச நேரத்தில், அதே கடலைத் தாண்டிவந்த சிங்களச் செய்தியைப் புள்ளி புள்ளியாய் இறக்கித் தந்தது. அதன்முன் கைகட்டி அமர்ந்து, ஒரு சொல் புரியாமல் முழுச் செய்திக்கும் தலையசைத்துவிட்டு, வாசலுக்கு வந்து எதிர்வீட்டாரை நோக்கி, உலக மார்க்கெட்டே சரியில்லை என்று தீர்ப்பு வழங்குவார். வாசிக்கப்பட்டது பெரும்பாலும் கொழும்பு மழை விவரம்.

பிரெஞ்சுச் சட்டத் தொகுதிகளின் வரலாறு இதனினும் சுருக்கமானது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் பத்திரம் எழுதிய நொத்தேர் ஒருவர் காலமானபின், அவர் வீட்டுச் சாமான் ஏலத்தில் நாயகர் கண்ணாடி அலமாரி ஒன்றை எடுத்தார். உள்ளே கிடந்த புத்தகங்கள் கூடவே வந்தன. சிவப்புக் காலிகோத் துணி அட்டை, முதுகில் பொன்னெழுத்து, பார்த்தாலே கைகூப்பத் தோன்றும் கனம். அலமாரிச் சாவி அவர் மனைவி திரிபுரசுந்தரியின் இடுப்பில் தொங்கியது. பதினான்கு வருஷத்தில் அவர் அதை ஒருதரமும் கேட்டதில்லை. மலருக்காக அலமாரியை அணைத்தபடி அவரைப் படமெடுக்க வந்த போட்டோக்காரர்தான் விரல்விட்டு எண்ணிப் பதினேழு என்றார். நாயகரும் பதினேழு என்று எழுதினார்.

இத்தகைய ஞானக்குன்றின் உள்ளே, ஆழத்தில், ஒருவருக்கும் தெரியாத ஒரு குகை இருந்தது. அக்குகையில் மந்தாகினி குடியிருந்தாள்.

மந்தாகினி என்பவள் ஒரு வார இதழில் அறுபத்திரண்டு வாரங்களாக அழுதுகொண்டிருந்த தொடர்கதை நாயகி. அவள் மாமியார் அவளைத் துரத்தியபோது நம் நாயகர் இரண்டு நாள் மோர் மட்டும் அருந்தினார். அவள் கணவன் கப்பலேறிப் போன வாரத்தில் நீலப்பொடியில் கலவை தவறி, சீர்காழி வரை வேட்டிகள் ஊதாவாயின. சென்ற வாரமோ, அவள் விஷமென்று தோன்றிய ஒரு கிண்ணத்தை உதட்டருகே கொண்டுபோனாள், கதவு திறந்தது, வந்தவனைப் பார்த்து அவள் கை நடுங்கியது, அந்த நடுக்கத்தின் கீழே, அடுத்த இதழில் முடியும் என்று அச்சிட்டிருந்தது. அதுமுதல் ஏழு நாள் நாயகர் உறங்கியும் உறங்காதவராய், உண்டும் உண்ணாதவராய், கொட்டகையில் அண்டாவின் நீலத்தைப் பார்த்தபோதெல்லாம் அந்தக் கிண்ணத்தில் இருந்தது எந்த நிறமோ என்று ஏங்கினார்.

வீட்டில் தடைசெய்த பண்டத்தை அவர் நுகர்ந்த இடம் அதே ஞானோதய வாசகசாலை. வெள்ளிதோறும் பிற்பகல் மூன்று மணிக்கு, புரவலர் என்ற கம்பீரத்தோடு உள்ளே புகுந்து, ஆங்கில வர்த்தக நாளேட்டைக் கோட்டைமதில் போல் விரித்துப் பிடித்து, மதிலின் உட்புறத்தில் வார இதழை ஒளித்துவைத்து மந்தாகினியோடு சேர்ந்து கண்கலங்குவார். இந்த உபாயத்தைக் கண்டறிய உலகில் எவராலும் ஆகாது என்பது அவர் எண்ணம். ஒவ்வொரு வாரமும் வர்த்தக நாளேடு பச்சைக் குழந்தை போல் மாசுமறுவின்றி இருந்ததையும், வார இதழில் மந்தாகினி வரும் பக்கங்களில் மட்டும் ஓரத்துக்கு ஓரம் நீலப்பெருவிரல் பதிந்திருந்ததையும் அவர் கவனிக்கவில்லை. வாசகசாலைக்கு வரும் மற்ற முப்பது பேரும் கவனித்தார்கள்.

அந்த முப்பதின்மருள் தலையாயவர் அம்பலவாணர். மேரி என்று காரைக்கால் வழங்கும் நகராட்சி அலுவலகத்தில் முப்பத்தொரு ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவு எழுதி ஓய்ந்தவர். பிரெஞ்சு வழக்கப்படி, தாள் எதுவாயினும் கடைசி எழுத்துவரை படித்து, அடியில் ‘லூ எ அப்ரூவே’, அதாவது ‘படித்தேன், ஏற்றேன்’ என்று எழுதியபின்தான் கையெழுத்திட வேண்டும். ஆட்சி போய் இருபத்தெட்டு வருஷம் ஆகியும் அந்த வழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. எந்தப் பத்திரிகையானாலும் வரிக்கு வரி சுட்டுவிரல் ஓட்டிப் படித்து, பக்கம் முடிந்ததும் வாய்க்குள் ‘லூ எ அப்ரூவே’ என்று முணுமுணுத்துவிட்டுத்தான் புரட்டுவார். விழா மலரையும் அப்படியே படித்தார். நாயகரின் கட்டுரையில், பதினேழு தொகுதிகள் என்ற இடத்தில் மட்டும் அவர் விரல் நின்றது. அதே நூலை மேரியில் முப்பத்தொரு ஆண்டு தூசி தட்டியவர் அவர். அது மொத்தம் பன்னிரண்டே தொகுதி. அந்தப் பக்கத்தை அவர் ஏற்காமலே புரட்டினார்.

இனிப் போர்.

ஐப்பசி வெள்ளி. வானம் கருங்கடலைக் கவிழ்த்துவைத்தாற்போல் இருண்டு, அரசலாறு கரையைத் தொட்டு ஓடிய நாள். மந்தாகினியின் முடிவைத் தாங்கிய இதழ் காலை பஸ்ஸில் வந்திறங்கியது. கட்டுப் பிரிக்குமுன் ஏஜெண்டு கடையில் அத்தனையும் தீர்ந்தது. திருநள்ளாற்றிலும் இல்லை, நாகூரிலும் இல்லை என்பதை, நீலப்பொடி ஸ்டாக் விசாரிக்கிற சாக்கில் டெலிபோன் செய்து நாயகர் அறிந்துகொண்டார். நாளை விடிந்தால் கொட்டகையில் ஆறு பெண்டுகளும் பொடி சலித்துக்கொண்டே மந்தாகினியின் கதியைப் பேசிக்கொள்வார்கள். அறுபத்திரண்டு வாரத் தவத்தின் பயன் ஒரு சல்லடைச் சத்தத்தில், அதுவும் யாரோ சொல்லி, அவர் காதில் விழும். அந்த அவமானத்துக்கு முன்பு, இன்றைக்குள், தம் கண்ணால் படித்தாக வேண்டும். ஊரில் எஞ்சியிருந்தது வாசகசாலைப் பிரதி ஒன்றே.

பொடி படிந்த தலையும் பொடி படிந்த சட்டையுமாகக் கொட்டகையிலிருந்து நேரே புறப்பட்டு, யானைமேல் வெண்கொற்றக்குடை கவித்த சோழனைப்போல் கருங்குடை ஒன்றைத் தாமே தமக்குப் பிடித்துக்கொண்டு, சேறு தெறிக்க நாயகர் வாசகசாலைக்குள் எழுந்தருளியபோது மணி மூன்று. நீண்ட மேசையின் மறுகோடியில் அம்பலவாணர் வீற்றிருந்தார். அவர் கையில் அந்த இதழ் இருந்தது. அட்டையை இன்னும் புரட்டவில்லை. அட்டைப்படத்துக்குக் கீழே, படம் எடுத்தவர் பெயரில் விரல் நின்றது.

கண்டார் நாயகர். காந்தளங்கையில் சிக்கிய கிளியைக் கண்ட காதலன் போலவும், அயலான் களத்தில் தன் கதிர்க்கட்டைக் கண்ட மிராசுதாரர் போலவும் நெஞ்சு பதைத்தார். ஆயினும் பதைப்பை வெளிக்காட்டாத பெருமகன் ஆதலின், வர்த்தக நாளேட்டைத் தருவித்து மதில் எழுப்பி, எதிரே அமர்ந்து, முதற்கண் கனைப்பு என்னும் அஸ்திரத்தை ஏவினார். அதன் பொருள் யாதெனில், வாசகசாலையின் புரவலர் வந்திருக்கிறார், மரியாதை தெரிந்தவன் கையிலுள்ளதைக் கீழே வைப்பான் என்பது. அம்பலவாணர் தம் மடியிலிருந்த சுக்குமிட்டாய் ஒன்றை எடுத்து மேசைமேல் அவர் பக்கம் தள்ளினார். தொண்டைக்கு நல்லது என்று ஒரு சொல்லும் உடன் வந்தது. முதல் அஸ்திரம் மிட்டாயாய்த் திரும்பிற்று.

இரண்டாவதாகத் தேநீர் என்னும் மாயக்கணை தொடுத்தார். இரு கையாலும் வாங்கவேண்டிய கொதிக்கும் கண்ணாடி டம்ளர் வந்தால், இதழ் கீழே இறங்கியே தீரும் என்பது வியூகம். வாசகசாலைச் சிப்பந்தி முத்தையன் மழையில் நனைந்து போய் இரண்டு டீ வாங்கிவந்தார். அம்பலவாணர் டம்ளரை இடக்கையால் வாங்கி, மேல்துண்டால் சுற்றி, உதட்டில் தாங்கி உறிஞ்சினார். வலக்கைச் சுட்டுவிரல் வரியைவிட்டு இமையளவும் பெயரவில்லை. ‘லூ எ அப்ரூவே’ என்று நான்காம் பக்கம் புரண்டது.

அந்தோ, நான்காம் பக்கம். மந்தாகினி நாற்பத்தோராம் பக்கத்தில் கிண்ணத்தோடு காத்திருக்கிறாள். ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிஷம் என்று நாயகர் மதிலுக்குப் பின் மனக்கணக்குப் போட்டார். வியாபாரத்தில் இத்தனை துல்லியமாக அவர் ஒருநாளும் கணக்குப் போட்டதில்லை. ‘லூ எ அப்ரூவே’ என்னும் ஒவ்வொரு முணுமுணுப்பும் அவர் செவியில் போர்முரசாய் அதிர, அதிர்வுக்கு ஒன்றாய் எண்ணிக்கொண்டே போனார். ஒன்பது, பதினொன்று, பதினைந்து. சமையல் குறிப்பில் அம்பலவாணர் தாமதித்தார். வாசகர் கடிதத்தில் தலையாட்டினார். பல்பொடி விளம்பரத்தை இருமுறை ஓதினார்.

இடையில் ஒரு பேரிடர் வந்துற்றது. மணி நான்கானதும் முத்தையன் வழக்கம்போல் மூலையிலிருந்த வானொலியைத் திருகினார். கடல் தாண்டிய கொட்டு முழக்கத்தோடு ஒரு டப்பாங்குத்துப் பாட்டு எழுந்து வாசகசாலையை நிறைத்தது. சுத்த கர்நாடக இசையன்றி வேறு நாதம் அறியாத செவியை உடையவர் என்று அச்சில் ஏறியிருந்த நாயகருடைய வலக்கால், மேசைக்கடியில், எவரையும் கேளாமல் தாளம் போடத் தொடங்கிற்று. அவர் இடக்காலை அதன்மேல் ஏற்றி அடக்கினார். மேலே முகம் பங்குவிலைப் பட்டியலை நோக்க, கீழே இரு கால்களும் மல்லரைப்போல் புரண்டன. சரணத்தில் வலக்கால் வென்றது. மேசை ஆடியது. அம்பலவாணர் வரியிலிருந்து விரலை எடுக்காமலே நிமிர்ந்து, பங்குவிலை இன்னிக்கு ஏறிடுச்சோ என்று விசாரித்தார். சற்று ஏற்றம்தான் என்று நாயகர் மொழிந்தார்.

ஐந்து மணி அளவில் நாற்பதாம் பக்கம் ஏற்கப்பட்டது. நாயகர் மதிலைச் சற்றே தாழ்த்தினார். அம்பலவாணர் தாளைப் புரட்டினார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், குனிந்தார், அப்படியே உறைந்தார். அரைமணி நேரம் அந்த ஒரே பக்கத்தில் அவர் விரல் அங்குலம் அங்குலமாய் ஊர்ந்தது. ஒருதரம் நாக்கால் ‘த்சொ’ கொட்டினார். மற்றொரு தரம் கண்ணோரத்தைத் துண்டால் ஒற்றினார். ஐயோ, செத்துவிட்டாள், என்றது நாயகரின் நெஞ்சு. இல்லை, வந்தவன் கிண்ணத்தைத் தட்டிவிட்டான், என்றது அதே நெஞ்சு. நாளேட்டின் விளிம்பைத் தாண்டி ஒரே ஒரு வரி, ஒரே ஒரு சொல், ஒரு முற்றுப்புள்ளியேனும் தெரியாதா என்று அவர் கழுத்து கொக்கின் கழுத்தாய் நீண்டது. அப்போதெல்லாம் எதிரியின் முழங்கை, அறியாததுபோல், சிறிது உயர்ந்தது.

இனித் தாமதித்தால் ஆறு மணிக்கு வாசகசாலை அடைபடும். வெளியே மழை கல்லெறிந்தது. அம்பலவாணரிடம் குடை இல்லை. மழை விடும்வரை அவர் படிப்பார். மழையோ ஐப்பசி மழை. இவ்வாறு நாற்புறமும் சூழப்பட்டபோதுதான் நாயகர், தம்மிடம் எஞ்சிய ஒரே படையை, இதுகாறும் எவருக்கும் இரவல் தராத அந்தக் கருங்குடையை, கர்ணன் கவசத்தைக் களைந்தாற்போல் எடுத்து மேசைமேல் வைத்துப் பேசலுற்றார்: “பெரியவர் இருட்டறதுக்குள்ள வீடு போய்ச் சேரணும். குடையை எடுத்துக்கங்க. எனக்கு நனையறது ஒண்ணும் பெரிசில்லை.”

அம்பலவாணர் குடையை நோக்கினார், நாயகரை நோக்கினார், கடைசிப் பக்கத்தை நோக்கினார். ‘லூ எ அப்ரூவே’ என்று உரக்கச் சொல்லி இதழை மூடினார். எழுந்து, குடையை ஊன்றிப் பதம் பார்த்துக்கொண்டே வினவினார்: “ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேங்க முதலாளி. அந்தச் சட்டப் புஸ்தகம் பதினேழாம் தொகுதியில என்னங்க வருது?”

கணமும் தயங்காத திருநா உடனே விடை பகர்ந்தது. “அண்ணன் தம்பி சொத்துத் தகராறுதான்.”

“அப்படிங்களா,” என்றார் அம்பலவாணர். “நான் பன்னெண்டு வரைக்கும்தான் பாத்திருக்கேன். பிரெஞ்சுக்காரனுக்கே அதுக்கு மேல தெரியாது.” குடை விரிந்தது, வாசலில் மழைக்குள் மறைந்தது.

இச்சொல்லின் கூர்மை நாயகரின் தோலைத் தொடவில்லை. அவர் கரங்கள் ஏற்கெனவே இதழின்மேல் பாய்ந்திருந்தன. மதில் கவிழ்ந்தது. வர்த்தக உலகம் தரையில் விழுந்து மிதிபட்டது. நீலப்பெருவிரல் பக்கங்களைக் கிழியக் கிழியப் புரட்டியது. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது.

நாற்பதை அடுத்து நாற்பத்தொன்பது வந்தது.

நடுவே, தையலோரத்தில், சவரபிளேடால் நறுக்கிய நேர்க்கோடு மட்டும், அறுவடையான வயலின் தாள்போல் நின்றிருந்தது. நான்கு தாள், எட்டுப் பக்கம், மந்தாகினி, கிண்ணம், கதவு திறந்து வந்தவன் எல்லாரும் போயினர். நாற்பத்தொன்பதாம் பக்கத்தில் அரையாள் உயரத்துக்கு மூலக்களிம்பு விளம்பரம். எதிரி அரைமணி நேரம் விரலோட்டிப் படித்ததும், ‘த்சொ’ கொட்டியதும், கண் ஒற்றியதும் அந்த மூலத்துக்காகவே என்பது அப்போது விளங்கிற்று.

கோட்டை வாயிலை உடைத்து உட்புகுந்தபின் கருவூலத்தில் எலிப்புழுக்கை கண்ட படைத்தலைவனும் இவ்வாறு நின்றிரான். கத்தலாம், எதற்கென்று கத்துவது? தொடர்கதையைக் காணோம் என்று கூவினால், தொடர்கதை படிக்கிறவன் தொழிலில் தேறமாட்டான் என்ற வாசகம் சுவரில் சட்டமிட்ட மலர்ப் பக்கத்திலிருந்து அவரையே பார்த்துச் சிரிக்கும். ஆகவே குரலைப் புரவலர் சுருதியில் ஏற்றி, வாசகசாலைப் பொருளுக்குச் சேதம் நேர்ந்திருப்பதாக ஐயம் எழுகிறது என்று முத்தையனிடம் பொதுப்பட அறிவித்தார்.

முத்தையன் தரையில் கிடந்த வர்த்தக நாளேட்டைக் குனிந்து எடுத்தார், பக்கம் பக்கமாக எண்ணினார், தட்டி மடித்தார். “நீங்க படிக்கிற பேப்பரு முழுசா இருக்குங்களே முதலாளி,” என்றார். பிறகு ஜன்னல்களைச் சாத்தப் போனார்.

தோற்ற வேந்தர் குடையின்றிக் கானகம் புகுவது காவியங்களில் உண்டு. நம் நாயகர் தலத்தெரு நடுவில் புகுந்தார். மழை அவர்மேல் விழுந்தது. விழுந்த மழை நீலமாய் இறங்கிற்று. தலையில் படிந்திருந்த பொடி நெற்றி வழியே இரு கிளையாய்ப் பிரிந்து, கன்னத்தில் ஆறாய்ப் பெருகி, சட்டையில் கழிமுகம் கண்டது. டீக்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கியிருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். பதினைந்து ஆண்டாகக் காரைக்காலின் வேட்டிகளை வெளுத்தவருடைய சாயம், ஊரறிய, ஒரு பர்லாங்கு நீளத்துக்கு வெளுத்துக்கொண்டு போயிற்று. அவர் அதை உணரவில்லை. அவள் குடித்தாளா, குடிக்கவில்லையா என்பது ஒன்றே அவர் நெஞ்சில் அலைமோதியது.

வீட்டுக் கூடத்தில் விளக்கு எரிந்தது. பதினான்கு வருஷத்தில் முதன்முறையாக அவர் கண்முன் அந்தக் கண்ணாடி அலமாரி திறந்து கிடந்தது. தரையில் பாய் விரித்துத் திரிபுரசுந்தரி ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஒரு தாள்கட்டு. அருகே பதினேழாம் தொகுதி மல்லாந்து கிடந்தது. அதன் பொன்னெழுத்து முதுகுக்கு உள்ளே பிரெஞ்சும் இல்லை, சட்டமும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் அதே வாசகசாலையில் அவர் கண்ணீர் உகுத்துப் படித்த, அண்ணன் தம்பி இருவர் ஒரு தென்னந்தோப்புக்காக வெட்டிக்கொண்டு மாண்ட தொடர்கதை, படத்தோடு, வாரம் தவறாமல் இருந்தது. படிப்பைப் பற்றி அவர் வாய் உரைத்த சொல் வாழ்நாளில் முதன்முறையாக மெய்யாகியிருந்தது. பதினேழு தொகுதியில் ஐந்தை அவர் உண்மையாகவே ஓதியிருந்தார்.

அவள் தலைநிமிராமலே விவரத்தைச் சொன்னாள். வாரப்பத்திரிகை வாசற்படி ஏறக்கூடாது என்று அவர் பல வருஷம் முன்பே விதித்தபின், மாதக்கடைசியில் வாசகசாலையின் பழைய இதழ்கள் எடைக்குப் போகுமுன் முத்தையன் அவளிடம் கொண்டுவந்து கொடுப்பார். அவள் தொடர்கதைகளை நறுக்கித் தைத்து வைப்பாள். கதை முடிந்ததும் பைண்டர் முகம்மது இப்ராஹிம் அலமாரிக்குப் பொருத்தமாக அதே சிவப்புக் காலிகோவில், அதே பொன்னெழுத்தில் கட்டித் தருவார். பதின்மூன்றிலிருந்து எல்லாம் அப்படி வந்தவைதான். இந்த முடிவுக்கு மட்டும் மாதக்கடைசி வரை பொறுக்க முடியாமல், காலையிலேயே முத்தையனைக் கேட்டு வாங்கி நறுக்கிக்கொண்டு, இதழைத் திருப்பி அனுப்பிவிட்டாள். நாளைக்குப் பாய்கிட்ட குடுக்கணும், பதினெட்டு, என்றாள்.

மடியிலிருந்த கட்டை அவள் விளக்குக்கு நேரே பிடித்துப் புரட்டினாள். ஒன்று, இரண்டு, பத்து, நாற்பது, அறுபத்திரண்டு வாரம். ஒவ்வொரு வாரத்தின் ஓரத்திலும், முத்திரைத்தாளில் எழுதப்படிக்கத் தெரியாதவன் வைத்த கைந்நாட்டைப்போல், ஒரு நீலப்பெருவிரல். கிண்ணத்தை எடுத்த வாரத்தில் மூன்று. கடைசி நான்கு தாள் மட்டும் கறைபடாத வெள்ளையாய் இருந்தது.

கல்வியில் கடலும் கேள்வியில் மலையுமாகிய தெட்சிணாமூர்த்தி, நிலைப்படியில் காலடி நீலக்குளமாய்த் தேங்க, தம் திருநாவைத் தேடினார். அது அகப்படவில்லை. கேட்கவும் ஆகாமல் கேளாதிருக்கவும் ஆகாமல், கை தானாக அந்த வெள்ளைத் தாளை நோக்கி நீண்டது.

அவள் தாள்களைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டு, கொடியில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினாள்.

“அவ சாவலங்க, அது வெறும் கஷாயம்தான், தலையைத் துவட்டிக்கிட்டு சாப்பிட வாங்க, ரசம் ஆறுது.”